காலம் கடந்துவிட்டது என்று உனக்குச் சொன்னது யார்?

இருபத்திரண்டு வயதில் "இனிமே என்னங்க இருக்கு, எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று பேசும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு தேர்வு கைவிட்டுப் போயிருக்கும். ஒரு வருடம் வீணாகியிருக்கும். கூடப் படித்தவன் வேலையில் சேர்ந்திருப்பான். அதற்குள் தன் வாழ்க்கைக்குத் தானே தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள். தம்பி, தங்கச்சி, அந்தத் தீர்ப்பைக் கிழிப்பதற்கு முன் நாதியா நதீம் என்ற கால்பந்து வீராங்கனையைப் பற்றிக் கேள்.

1988-இல் ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் பிறந்தவர். ஐந்தும் பெண் பிள்ளைகளாக இருந்த வீடு. தந்தை ராணுவத்தில் தளபதி. 2000-ஆம் ஆண்டில் தாலிபான்கள் அவரைக் கொன்றார்கள். பெண் குழந்தை பள்ளிக்குப் போகக் கூடாது, பெண் வேலைக்குப் போகக் கூடாது, ஆண் துணையின்றித் தெருவில் இறங்கவும் கூடாது என்ற ஆட்சி அது. அப்படிப்பட்ட ஊரில் கணவரை இழந்த ஒரு தாய், ஐந்து மகள்களோடு என்ன செய்வார்?

தாய் ஹமீதா கிளம்பினார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போனார். அங்கிருந்து போலி பாஸ்போர்ட்டில் இத்தாலி. இத்தாலியிலிருந்து ஒரு லாரியின் பின்பக்கத்தில் ஏறினார்கள். லண்டனில் இறங்கப் போகிறோம் என்று நம்பியிருந்தவர்களை லாரி இறக்கிவிட்ட இடம் டென்மார்க். தெரிந்தவர் ஒருவரும் கிடையாது, பேச்சும் புரியாது. நாதியாவின் கோல்களைப் பற்றி எழுதுபவர்கள் இந்தத் தாயை இரண்டு வரியில் தாண்டிப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் குடும்பத்தின் முதல் துணிச்சல் அவருடையது.

அகதி முகாமை ஒட்டி ஒரு கால்பந்து மைதானம் இருந்தது. உள்ளூர்ப் பெண் பிள்ளைகள் அங்கே பயிற்சி செய்வார்கள். நாதியா தூரத்தில் நின்று பார்த்தார், மறுபடி வந்து பார்த்தார். கடைசியில் பயிற்சியாளரிடம் போய், நானும் ஆடலாமா என்று கேட்டார். ஐரோப்பாவில் கால்பந்தையே தொழிலாகக் கொள்ளப் போகிறவர்கள் ஐந்தாறு வயதிலேயே கிளப்பில் சேர்ந்துவிடுவார்கள். நாதியா கேட்டபோது அவருக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு வயது. பாதிப் பிள்ளைப்பருவம் தாண்டிவிட்டது. டேனிஷ் மொழியை அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தார். அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்போம் என்றுகூடத் தெரியாது.

அடைக்கலம் தந்த நாடு, அனுமதித்த பயிற்சியாளர், பள்ளிக்கூடம் என்று அவருக்குக் கை கொடுத்தவர்கள் உண்டு. அதை மறைத்துவிட்டுத் தன்னம்பிக்கை பேசுவது பொய். ஆனால் மைதானத்துக்குள் நடந்துபோய்க் கேட்டது அவரேதான். அந்த ஒரு கேள்வியை வேறு யாரும் அவருக்காகக் கேட்டிருக்க முடியாது. நீ இன்னும் கேட்காமல் வைத்திருக்கும் கேள்வி எது?

நன்றாக ஆடினார், தேசிய அணி அழைத்தது. அப்போது விதிமுறை குறுக்கே வந்து நின்றது. பிறப்பாலோ பெற்றோர் வழியிலோ தொடர்பில்லாத நாட்டுக்காக ஆட வேண்டுமானால், பதினெட்டு வயதுக்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் அந்த நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்றது ஃபிஃபா. உயிர் பிழைக்க ஓடி வந்த சிறுமிக்கும் அதே விதியா? டென்மார்க் கால்பந்துச் சங்கம் எதிர்த்துக் கேட்டது, விலக்கும் கிடைத்தது. 2009-இல் அல்கார்வே கோப்பைப் போட்டியில் நாதியா டென்மார்க் சட்டை அணிந்து இறங்கினார். பிறகு அந்தச் சட்டையில் நூறு ஆட்டங்களைத் தொட்டார்.

2017 ஐரோப்பியக் கோப்பையை நீ தேடிப் பார்க்க வேண்டும். காலிறுதியில் எதிரே ஜெர்மனி. தொடர்ந்து ஆறு முறை கோப்பையை வென்ற அணி. மூன்றாவது நிமிடத்திலேயே டென்மார்க் கோல் வாங்கிவிட்டது. இடைவேளை முடிந்ததும் நாதியா தலையால் முட்டிச் சமன் செய்தார். டென்மார்க் 2-1 என்று வென்றது. இறுதியாட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக ஆறாவது நிமிடத்தில் பெனால்டி. பந்தை வைத்து அடித்தவர் நாதியா. ஆனால் கோப்பை கிடைக்கவில்லை, 4-2 என்று தோற்றார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் போர்ட்லாண்ட் தார்ன்ஸ் அணியோடு லீக் சாம்பியன் ஆனார். பின்னர் மான்செஸ்டர் சிட்டி. அதன்பின் பாரிஸின் பி.எஸ்.ஜி. பதினான்கு ஆண்டுகளாக லியோன் அணி விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த பிரெஞ்சு லீக் பட்டத்தை 2021-இல் பி.எஸ்.ஜி. பறித்தபோது, அந்த அணியின் ஸ்ட்ரைக்கர்களில் ஒருவர் இந்த முகாம் பெண்.

இவ்வளவும் செய்துகொண்டே அவர் மருத்துவம் படித்தார் என்பதுதான் என்னை எழுந்து உட்கார வைக்கிறது. ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் படிப்பு. நாடு விட்டு நாடு போய் ஆடிக்கொண்டே, சீசன் இல்லாத நாட்களில் படிப்புக்குத் திரும்பினார். ஒன்றைத் தேர்ந்தெடு, இரண்டு படகில் கால் வைக்காதே என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்தப் புத்திமதி அவரிடம் தோற்றது. 2021-இல் முழங்காலில் தசைநார் கிழிந்தது. ஒரு கால்பந்துக்காரருக்கு அதைவிடப் பயங்கரமான செய்தி கிடையாது. அடுத்த சில மாதங்களில், 2022 ஜனவரியில், அவர் டாக்டர் ஆகிவிட்டார். வயது 34. வகுப்பில் சேர்ந்தபோது உடனிருந்தவர்கள் எப்போதோ பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள். அதனால் அவருடைய பட்டத்தில் ஓர் எழுத்தாவது குறைந்ததா?

வாழ்க்கை அதற்குப் பிறகும் அவரைச் சும்மா விடவில்லை. தசைநார் மறுபடி கிழிந்தது. அந்த ஆண்டு நவம்பரில், அவர் கத்தார் உலகக் கோப்பைக்காகத் தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருந்த நாளில், தாய் ஹமீதா லாரி மோதி இறந்துபோனார். எல்லாவற்றையும் தாண்டி 2024-இல், 36 வயதில், ஏ.சி. மிலான் அணியில் சேர்ந்தார். போலி பாஸ்போர்ட்டோடு சிறுமியாய்க் கடந்துபோன அதே இத்தாலிதான், இம்முறை ஒப்பந்தம் போட்டு வரவேற்றது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். உன் தலைக்கு மேல் குண்டு விழவில்லை. உன் மொழி பேசும் ஊரில், உன் அம்மா சமைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாய். உன் வலி சிறியது என்று நான் சொல்லவில்லை. அது உனக்குப் பெரியதுதான். ஆனால் அந்த வலிக்கு, உன் வாழ்க்கை முடிந்தது என்று அறிவிக்கும் அதிகாரத்தை நீதான் கொடுத்தாய். நீயே திரும்ப வாங்கு. பாதியில் நிறுத்திய படிப்பு ஏதாவது இருந்தால், அதை முடிக்க யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று இன்றைக்கே விசாரி. தயங்கித் தயங்கித் தள்ளிப்போட்ட பயிற்சிக்கூடம் இருந்தால், நாளைக் காலை அதன் வாசலுக்குப் போய், "நானும் சேரலாமா?" என்று வாய்விட்டுக் கேள். மறுத்தால் அடுத்த வாசலுக்குப் போ!