ரன்னிங் கண்டிஷன்

சித்தப்பாவின் வீடியோ கேம் பெட்டியை விற்க நான் முதலில் எழுதிய விளம்பரம் இரண்டே வரி: ‘90களின் ஒரிஜினல் முஸ்தபா மெஷின். ரன்னிங் கண்டிஷன்.’ நான்கு போட்டோவைச் சேர்த்து ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஏற்றுவதற்கு முன் ஒருமுறை வாசித்தபோது ‘ஒரிஜினல்’ என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. அது ஒரிஜினல் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்த இரண்டு வரியை ஒழுங்காக எழுதி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

குற்றாலத்தில் சீசன் என்றால் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று சாரலை அள்ளிவந்து ஊரையே நனைத்து வைத்திருக்கும். அந்த மூன்று மாதமும் பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, சித்தப்பா நான்கு பெட்டி போடுவார். ஒரு பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கிற வாசனை, இன்னொரு பக்கம் மங்குஸ்தான் கூடை. அருவியில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டாமல் வருகிற பையன்களின் கூட்டம் எப்போதும் இருக்கும். சீசன் முடிந்ததும் பெட்டிகள் தென்காசிக்கு, எங்கள் வீட்டுத் தார்சாவுக்கு வந்துவிடும். நான்கில் மூன்று எடைக்குப் போய்விட்டன. மிச்சம் இந்த ஒன்றுதான்.

கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட அந்த ஆட்டத்தின் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. அதில் தேர்ந்தெடுக்கக் கிடைக்கிற நான்கு பேரில் ஒருவர் முஸ்தபா கெய்ரோ. நம் ஊர்ப் பையன்களின் வாயில் ஆட்டத்துக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. இன்று அந்தப் பையன்கள் நாற்பதைத் தாண்டியவர்கள். வீட்டில் ஒரு பெட்டி வாங்கி வைக்க ஆசைப்படுகிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். விளம்பரம் ஏற்றும் முன்பே, கேள்விப்பட்டு எனக்கு முதலில் போன் செய்தவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர்.

மாட்டுச் சந்தையில் வாங்க வருகிறவர் மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணுவார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். கோயம்புத்தூரில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. நான் எழுதுகிற சொல்தான் அவருடைய கை. அதனால் பின்கதவைத் திறக்க முடிவு செய்தேன். பழைய பிக்சர் ட்யூப்பில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும், அணைத்த பிறகும் கொஞ்சம் தங்கியிருக்கும் என்பதால் நானாகக் கைவைக்கவில்லை. நாற்பது வருடமாக டி.வி. ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன்.

அவர் ஸ்விட்சைக்கூடப் போடவில்லை. டார்ச்சை எடுத்து, அணைந்திருந்த திரையில் சாய்வாக அடித்தார். மேல் ஓரத்தில் ஸ்கோர் எழுத்துகளும் உயிர்க்கோடும் நிழலாகத் தெரிந்தன. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் ஒரே எழுத்து ஒளிர்ந்ததால் உள்ளே இருக்கிற பாஸ்பர் அங்கே மட்டும் தேய்ந்திருந்தது. இதைச் சரி செய்ய வழியில்லை, ட்யூப்பைத்தான் மாற்ற வேண்டும். அடிப்பக்கம் இடது மூலையில் பிளைவுட் ஊறி, அப்பளம்போல் உப்பியிருந்தது. பிறகு ஓடவிட்டோம். நாற்பது நிமிடம் படம் சுத்தமாக இருந்தது. அதன்பின் சூடேறியதும் இரண்டு பக்கமும் லேசாகச் சுருங்கியது. கண்டன்சர்கள் வறண்டுவிட்டன என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ‘ஆன் ஆகிறது’, ‘அரை மணி ஓடும்’, ‘நாள் முழுக்க ஓடும்’ என்பவை மூன்று தனித்தனி வாக்கியங்கள். ‘ரன்னிங் கண்டிஷன்’ மூன்றையும் ஒரே போர்வைக்குள் மூடிவிடுகிறது. சில வருடங்களுக்கு முன் நானே இன்னொரு பெட்டிக்காக, ஆட்டம் பதிந்த சர்க்யூட் போர்டு ஒன்றை வாங்கி ஏமாந்தேன். ‘டெஸ்டட்’ என்று எழுதியிருந்தார்கள். லைட் எரிந்தது, அவ்வளவுதான். எழுதியவர் பொய் சொல்லவில்லை என்று இன்றும் வாதாடலாம்.

அடுத்தது போர்டு. இந்த ஆட்டத்தின் அசல் போர்டில் ஒரு சிறிய பேட்டரி உண்டு. ஆட்டத்தின் ஒலி நிரலைப் பூட்டித்தான் வைத்திருப்பார்கள். அதைத் திறக்கும் சாவி அந்த பேட்டரியின் மின்சாரத்தில்தான் உயிரோடு இருக்கும். பேட்டரி தீர்ந்தால் சாவி அழிந்துபோகும், ஆட்டம் நின்றுவிடும். உலகம் முழுக்க இந்தப் பெட்டிகளைச் சேகரிக்கிறவர்கள் இதைத் ‘தற்கொலை பேட்டரி’ என்கிறார்கள். எங்கள் போர்டில் பேட்டரியே இல்லை. கேப்காமின் கியூ-சவுண்ட் ஒலிச் சில்லும் இல்லை. அது நகல். நகல் என்பதால்தான் முப்பது வருடம் சாகாமல் இருந்திருக்கிறது. நாங்கள் சின்ன வயதில் கேட்டு வளர்ந்த அந்த மெலிந்த சத்தம், நகலின் சத்தம். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்பட்டது.

திறக்காமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்விதான் என்னை விடவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், மோசடியை விளக்கும் 17ஆம் பிரிவில், ஒரு குதிரையை வைத்து உதாரணங்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறார். அதற்குக் குறை இருப்பது அவருக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது. வாங்குகிறவர் அப்போதுதான் மேஜரான அவருடைய மகள் என்றால், அந்த உறவினாலேயே குறையைச் சொல்வது அவர் கடமை. மூன்றாவதாக, ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்’ என்று வாங்குகிறவர் சொல்லியும் விற்பவர் பேசாமல் நின்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

கோயம்புத்தூர்க்காரர் எனக்கு மகள் இல்லை. அவர் எதையும் குறிப்பிட்டுக் கேட்கவும் இல்லை. சட்டப்படி நான் பேசாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் என் நான்கு போட்டோவிலும் அந்த உப்பிய மூலை விழவில்லை. எடுக்கும்போது கேமராவை ஒரு முழம் வலப்பக்கம் நகர்த்திக்கொண்டவன் நான்தான். அதை மௌனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதைவிட ஆழமாகக் குத்தியது இன்னொன்று. சட்டத்தின் குதிரைக்காரருக்குக் குறை தெரியும். லாயக் கதவையே திறக்காத குதிரைக்காரரைப் பற்றி அந்த உதாரணங்களில் பேச்சில்லை. நான் பின்கதவைத் திறக்காமல் விற்றிருந்தால், பிறகு அவர் சண்டைக்கு வந்தாலும் ‘எனக்குத் தெரியாதுங்க’ என்று கண்ணைப் பார்த்துச் சொல்லியிருப்பேன். அது உண்மையாகவும் இருந்திருக்கும். அப்படி ஒரு உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் தெரியாததையும் எழுதினேன்: நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டுப் பார்க்கவில்லை, காசு விழுகிற பகுதியைக் கழற்றவில்லை. நகல் போர்டு, திரையின் நிழல், சுருங்கும் படம் எல்லாவற்றையும் எழுதி, டார்ச் அடித்த திரையையும் உப்பிய மூலையையும் கிட்டத்தில் போட்டோ எடுத்துச் சேர்த்தேன்.

சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கண்பார்வை குறைந்துவிட்டது. பாதியிலேயே முகம் சுருங்கியது.

“ஏல, வாங்க வருதவன்கிட்ட நம்ம சாமான நாமளே குறை சொல்லுவோமா? அந்தப் பெட்டி எத்தன வருசம் சோறு போட்டுருக்கு தெரியுமா?”

“அதையும் எழுதியிருக்கேன் சித்தப்பா. குற்றாலத்துல சீசன்ல ஓடுன பெட்டின்னு.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, “பலகைய எழுதினியா?” என்றார்.

பெட்டிக்கு முன்னால் எப்போதும் ஒரு மரப்பலகை கிடக்கும். உயரம் எட்டாத பையன்களுக்காகப் போட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதன் மேல் நின்று எத்தனையோ மணி நேரம் ஆடியிருக்கிறேன்.

“ஈரக் கையோட பட்டனத் தொட்டா சுரீர்னு அடிக்கும்லா. எல்லாப் பயலும் குளிச்சிட்டு நேரா வருவான். அதுக்குத்தான் பலகையப் போட்டு நிக்க வச்சேன்.”

மறுநாள் மெக்கானிக்கை மறுபடி கூப்பிட்டேன். பட்டன்கள் பதித்த இரும்புத் தகட்டுக்கும், உள்ளே இருக்கிற பவர் சப்ளையின் உலோகக் கூட்டுக்கும் எர்த் கொடுக்கவே இல்லை. அப்படி விட்டால் பவர் சப்ளையிலிருந்து கசிகிற மின்சாரம் தகட்டில் வந்து நிற்கும். அதைத் தொட்டுக்கொண்டு ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற உடம்பு வழியாகத்தான் அது இறங்கும். மூன்று பின் பிளக் மாற்றி, தகடுவரை எர்த் ஒயர் இழுத்து, மீட்டர் வைத்துப் பார்த்தார். சரியாகிவிட்டது. சரியான பிறகு அதை எழுத வேண்டியதில்லை என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் வாங்குகிறவர் வீட்டு பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்க்காமல் மாட்டினால் பழைய கதைதான்.

சாயங்காலம் சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரியை வாசித்தேன்: ‘இந்தப் பெட்டியில் முன்பு எர்த் இல்லை, தொட்டால் ஷாக் அடித்தது, இப்போது சரி செய்திருக்கிறோம், எர்த் உள்ள பிளக்கில் மட்டும் மாட்டவும்.’

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, “எந்த வருசத்துல இருந்து அடிச்சுதுன்னும் போடு” என்று சொல்லி, வருடத்தையும் சொன்னார்.