மன்னிக்கும் உரிமை யாருக்கு?

1944 ஆகஸ்ட் 26. பாரிஸில் ஜெர்மன் படை சரணடைந்த மறுநாள். ஷான்செலிசே வீதியில் திரண்டிருந்த மக்கள் வெள்ளத்தைக் கடந்து சுதந்திர பிரான்சின் தலைவர் ஜெனரல் தெ கோல் நோத்ர தாம் பேராலயத்துக்கு வந்து சேர்ந்தார். நன்றி வழிபாட்டுக்குத் தலைமை ஏற்க வேண்டிய பாரிஸ் பேராயர் கர்தினால் சுஹார் அங்கே இல்லை. வரக் கூடாது என்று அவரை இல்லத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஜெர்மானியருக்குத் துணைபோன விஷி அரசின் தலைவர் மார்ஷல் பெத்தேனை அந்த ஏப்ரலில் இதே ஆலயத்தில் வரவேற்றவர் அவர். அந்த அரசின் பிரசாரகர் பிலிப் ஆன்ரியோவை, ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய எதிர்ப்பியக்கத்தினர் சுட்டுக் கொன்றபோது இறுதிச் சடங்கில் முன்னின்றவரும் அவரே.

ஆலயத்தைச் சுற்றித் திடீரென்று துப்பாக்கிகள் வெடித்தன. உள்ளே இருந்தவர்கள் நாற்காலிகளுக்கு அடியில் பதுங்கினார்கள். அதற்கு நடுவே மரியாவின் பாடல் ஒலித்தது. தமிழ்க் கத்தோலிக்கர்களும் மாலைச் செபத்தில் சொல்லும் பாடல் அது. வல்லவர்களை அரியணையிலிருந்து இறக்கி எளியவர்களைக் கைதூக்கிவிடும் இறைவனைப் போற்றுவது. அன்று அதைப் பாடியவர்களுக்கு அந்த வரிகள் கண்ணெதிரே பலித்துவிட்டதாகத் தோன்றியிருக்கும். ஆனால் அந்த வாரங்களில் பிரான்சின் தெருக்களில் கீழே இழுத்துப் போடப்பட்டவர்கள் எல்லோரும் அரியணையில் இருந்தவர்கள்தானா?

பத்து நாள் முன்பு, ஆகஸ்ட் 16 அன்று, ஷார்த்ர் நகரத்தில் போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா எடுத்த புகைப்படம் இதற்குப் பதில் சொல்கிறது. தலை மழிக்கப்பட்ட ஓர் இளம்பெண் கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கிறாள். குழந்தையின் தகப்பன் ஒரு ஜெர்மன் சிப்பாய். அவளுடைய நெற்றியில் சூட்டுக்கோலின் தழும்பு. முன்னால், தொப்பி அணிந்த அவளுடைய தந்தை ஒரு மூட்டையோடு போகிறார். சுற்றிலும் கூட்டம். பெண்கள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள். அவளுடைய பார்வை மட்டும் குழந்தையின் முகத்தை விட்டு அகலவில்லை. அவள் ஜெர்மானியருக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவள். அக்கம்பக்கத்தாரைக் காட்டிக்கொடுத்தாள் என்ற சந்தேகமும் அவள் மேல் இருந்தது. அந்தச் சந்தேகத்தை விசாரித்து முடிக்கும் வரை சவரக்கத்தி காத்திருக்கவில்லை.

இப்படித் தலை மழிக்கப்பட்ட பெண்கள் சுமார் 20,000 பேர் என்பது வரலாற்றாசிரியர் ஃபாப்ரீஸ் விர்ஜிலியின் கணக்கு. ஜெர்மானியரோடு உறவு வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மீதுதான். மற்றவர்கள் வேலை பார்த்தவர்கள், வியாபாரம் செய்தவர்கள், துப்புச் சொன்னதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள். இதே குற்றங்களைச் செய்த ஆண்களும் உண்டு. அவர்களைச் சிறையில் தள்ளினார்கள், சிலரைச் சுட்டும் கொன்றார்கள். சந்தையில் நிறுத்தி மொட்டையடித்துக் காட்சியாக்கியது பெரும்பாலும் பெண்களைத்தான்.

எதிரிக்குத் துணைபோனவர்களுக்குத் தண்டனையா, கருணையா என்ற கேள்வி அந்த இலையுதிர்காலத்திலேயே செய்தித்தாள்களில் வெடித்தது. 'ல் ஃபிகாரோ'வில் கத்தோலிக்க நாவலாசிரியர் பிரான்சுவா மோரியாக் கருணைக்காக வாதாடினார். எதிர்ப்பியக்கத்தின் 'கொம்பா' நாளிதழில் எழுத்தாளர் ஆல்பெர் காம்யு நீதி வேண்டும் என்று பதில் எழுதினார். காம்யுவின் நண்பர், கவிஞர் ரெனே லெய்னோவை அந்த ஜூனில்தான் ஜெர்மானியர் சுட்டுக் கொன்றிருந்தார்கள். 1945 ஜனவரியில் காம்யு தன் நிலையைத் தெளிவாகச் சொன்னார்: லெய்னோவின் மனைவி மன்னிக்கலாம் என்று சொல்லட்டும், அதன் பிறகு நானும் மோரியாக்கோடு சேர்ந்து மன்னிக்கிறேன்.

இந்த வாதத்தை அவ்வளவு சுலபத்தில் ஒதுக்கிவிட முடியாது. பாதிக்கப்பட்டவர் செத்துப்போன பிறகு அவர் சார்பில் மன்னிப்பு வழங்க யாருக்கு அதிகாரம்? கடவுளுக்கு உண்டு என்பார் மோரியாக். கடவுளை நம்பாத காம்யுவுக்கு அந்த வாசல் இல்லை. அதே வாதத்தைத் திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். இறந்தவர் சார்பில் மன்னிக்க உரிமை இல்லை என்றால், இறந்தவர் சார்பில் கொல்ல மட்டும் உரிமை எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு ஓர் உருவமும் பெயரும் கிடைத்தன: ரொபேர் பிராசியாக். எழுத்தாளர், நாஜி ஆதரவு வார இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்தவர். யூதர்களைக் கூண்டோடு அகற்றும்போது குழந்தைகளையும் விட்டுவைக்க வேண்டாம் என்று எழுதியவர். 1945 ஜனவரி 19 அன்று ஒரே நாளில் விசாரணை முடிந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவருக்காக மோரியாக் தெ கோலிடம் மன்றாடினார். உயிர்ப்பிச்சை கேட்கும் மனுவில் எழுத்தாளர்கள் வலேரி, க்ளோதெல், கொலேத் கையெழுத்திட்டார்கள். எழுத்தாளர் சிமோன் தெ பொவ்வார் மறுத்தார். காம்யு இரவெல்லாம் தவித்துவிட்டுக் கையெழுத்திட்டார்; அந்த மனிதர் மேல் இருந்த வெறுப்பு தீராமலேயே. மரண தண்டனையை ஏற்க அவர் மனம் இடம் தரவில்லை. தெ கோல் இரங்கவில்லை. பிப்ரவரி 6 அன்று பிராசியாக் சுடப்பட்டார்.

எழுத்தாளர் ஒருவரின் உயிருக்காக எழுத்தாளர்கள் உறக்கம் தொலைத்தார்கள். அது பெரிய காரியம்தான். அதே மாதங்களில் பிரான்சின் பிரிட்டனி பகுதிக் கிராமங்களில் யாருக்கும் உறக்கம் கெடாத சில தூக்குகள் நடந்தன. விடுவிக்க வந்த அமெரிக்க ராணுவத்தின் படை நீதிமன்றங்களில் நாவலாசிரியர் லூயி கியூ மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். பிரெஞ்சுக் குடிமக்களைக் கொன்றதாகவும் பெண்களைப் பலாத்காரம் செய்ததாகவும் அமெரிக்கச் சிப்பாய்கள் மீது வழக்குகள். குற்றங்கள் நிஜம், கண்ணீரோடு சாட்சி சொன்ன குடும்பங்களும் நிஜம். ஆனால் குற்றவாளிக் கூண்டில் வந்து நின்றவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பினத்தவராக இருப்பதைக் கியூ கவனித்தார். ஒரு விவசாயியைச் சுட்ட கறுப்பினச் சிப்பாய்க்குத் தூக்கு. எதிர்ப்பியக்க வீரர் ஒருவரைச் சுட்டுக் கொன்ற வெள்ளைக்கார கேப்டனுக்கு விடுதலை. இரண்டு விசாரணைகளிலும் இருந்தவர் கியூ.

ஐரோப்பியப் போர்முனையில் அமெரிக்க ராணுவம் தன் சிப்பாய்கள் 70 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. அவர்களில் 55 பேர் கறுப்பினத்தவர். படையிலோ அவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிரெஞ்சு மக்களின் மனக்காயத்துக்கு நியாயம் செய்கிறோம் என்று காட்ட, குற்றம் நடந்த ஊர்களுக்கே கொண்டுபோய்த் தூக்கிலிட்டார்கள். கியூ தான் கண்டதை 'ஓகே, ஜோ' என்ற சிறு நூலாக 1976-ல்தான் வெளியிட்டார்.

காம்யுவின் மனம் அதற்கு வெகு முன்பே மாறியிருந்தது. 1948-ல் பாரிஸில் தொமினிக்கன் துறவிகளிடையே பேசும்போது, அடிப்படையில் மோரியாக் சொன்னதே சரி, தான் சொன்னது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நம்பிக்கையற்ற ஒருவர் துறவிகள் முன்னால் இப்படிச் சொன்னது மோரியாக்கின் வெற்றியைவிட காம்யுவின் நேர்மைக்கே அதிகப் பெருமை சேர்க்கிறது. 1951-லும் 1953-லும் பிரெஞ்சு நாடாளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. எதிரிக்குத் துணைபோன குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பினார்கள். நீதிமன்றம் தந்த தண்டனையைத்தான் சட்டத்தால் ரத்து செய்ய முடியும். சந்தைத் திடலில் கூட்டம் மழித்த தலைகளுக்கு எந்தத் தீர்ப்பும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே அந்தச் சட்டங்களில் அவற்றுக்கென்று ஒரு பிரிவும் இல்லை.