அறிவைப் பங்கிடும் அறம்

கல்வி பொதுச்சொத்து என்பதை மறுப்பார் இலர். அதைப் பங்கிடும் முறையில்தான் அறக்கேள்வி எழுகிறது. எல்லார்க்கும் ஒரே அளவு கொடுப்பது நீதியா? அவரவர் குறையறிந்து கொடுப்பது நீதியா?

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் இருந்தபோது, நூலகத்துக்குரிய ஐந்து விதிகளை 1931-இல் நூலாக்கினார். ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் கிட்டவேண்டும் என்பது இரண்டாம் விதி. வாசகரின் நேரத்தைக் காக்கவேண்டும் என்பது நான்காம் விதி. இவ்விரண்டும் இன்றைய இணையத்துக்கும் உரைகல் ஆகும்.

பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடக்க, கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாகவும் இணையம் வழியாகவும் வகுப்புகள் தொடங்கின. இரண்டும் எட்டாத மாணவர் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர் என்று சமக்ர சிக்ஷா கணக்கெடுப்பு காட்டியது. அவர்களுக்காக ஊர் நூலகங்களிலும் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. இரண்டாம் விதி அன்று பிழைத்தது நூலகக் கூரையின் கீழேதான்.

நான்காம் விதியின் கதை வேறு. நூலகம் வாசகரின் நேரத்தைக் காக்கிறது. சமூக ஊடகமோ அந்த நேரத்தையே விலைப்பொருளாக்கி விளம்பரதாரருக்கு விற்கிறது. ஆகவே இணைப்பு இல்லாத பிள்ளை பசித்திருக்கிறது. துணையின்றி இணைப்பு மட்டும் பெற்ற பிள்ளை பதர் தின்கிறது.

அதற்காகக் கைபேசியைப் பறிக்கலாமோ எனின், கூடாது. விடுதியில் மாலை வேளையில் கைபேசிக்குத் தடை விதிக்கப்பட்ட ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில், இணையம் பெறுவது கல்வியுரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. தேவை காவற்காரர் அல்லர், வழிகாட்டி. அவரே பள்ளி நூலகர். எச்செய்தி மெய், எது வதந்தி, தேடியது எங்கே கிட்டும் என்று அருகிருந்து காட்டுபவர் அவர்.

கற்றறிந்த பெற்றோர் வாய்த்த பிள்ளைக்கு வீட்டிலேயே ஒரு நூலகர் உண்டு. பிழைப்பைத் தேடி மட்டாஞ்சேரிக்கு வந்து, வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் திரையில் ஆங்கிலமுமாகத் திகைக்கும் நம் எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு அப்பேறு இல்லை. பள்ளியில் நூலகர் இருக்கை வெறுமையானால் முதலில் இழப்பது அப்பிள்ளையே.

எனவே இணைப்பை எல்லார்க்கும் ஒப்பக் கொடுப்போம். துணையை இல்லாதார்க்கு மிகுத்துக் கொடுப்போம். கற்றவர் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதைச் சங்கத்துப் பிள்ளைகளுக்கு ஈந்தால், நேரத்தைக் காக்கும் விதி நம்மிடமும் வாழும்.