என்ன வேலை செய்யிற?

எங்க ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். சாதி என்னவென்று நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவன் இப்படிக் கேட்பான். பதிலைக் கேட்டதும் ஒரு அடி தள்ளி நிற்பான். அதனால் இந்தக் கேள்வி காதில் விழுந்தாலே எனக்கு உடம்பு விறைத்துக்கொள்ளும்.

சென்னைக்கு வந்து கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடையில் தொட்டி கழுவினேன். கண்ணாடி முனை விரலைக் கிழித்தது. மூணு வாரம் கழித்து அதே இடத்தில் ஒரு கட்டி. அது புண்ணாகி, முழங்கை வரைக்கும் வரிசையாக முடிச்சுகள். வலி பெரிசா இல்லை. போன இடத்திலெல்லாம் ஒரு ஊசி, அஞ்சு நாள் மாத்திரை. ஒருத்தர் தொடாமலே பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கணும்பா" என்றார். நாளெல்லாம் தண்ணியில் கிடக்கிற கைக்கு இந்த உபதேசம். கடையில் என் டம்ளரைத் தனியாக வைத்தார்கள். கையுறை வாங்கித் தர ஆளில்லை.

நாலாவது மாதம் ஒரு டாக்டரம்மா என் கையைப் பிடித்து, முடிச்சுகளைத் தடவிக்கொண்டே கேட்டார்: "என்ன வேலை செய்யிறீங்க?"

"கூலி வேலை" என்றேன்.

அவர் விடவில்லை. "தண்ணியில கை வைக்கிற வேலையா? மீனா?"

மைக்கோபாக்டீரியம் மரைனம். 1926இல் பிலடெல்பியா மீன் காட்சியகத்தில் செத்த மீன்களிடமிருந்து அரோன்சன் என்பவர் பிரித்தெடுத்த கிருமி. காசநோய், தொழுநோய்க் கிருமிகளுக்கு உறவு. ஆனால் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. ஏறக்குறைய 30 டிகிரி சூட்டில் நன்றாக வளரும், 37இல் தடுமாறும். அதனால்தான் பெரும்பாலும் குளிர்ந்த கைகால் தோலோடு நின்றுவிடுகிறது. ஆய்வுக்கூடத்திலும் சதையை அந்தக் குறைந்த சூட்டில் வாரக்கணக்கில் வைக்க வேண்டும். அதை டாக்டர் எழுதி அனுப்பாவிட்டால் கிருமி முளைக்காமலே போகலாம். தொழிலைக் கேட்காமல் எதை எழுதி அனுப்புவது?

கிளாரித்ரோமைசின், எத்தாம்ப்யூட்டால் இரண்டும் சேர்த்து நாலு மாதம் சாப்பிட்டேன். புண் ஆறின பிறகும் ஒன்றிரண்டு மாதம் நிறுத்தக்கூடாது என்றார்.

வேலையை மறைத்தது என் தப்பா? என் வைத்தியத்தை நானே தடுக்கப் பார்த்தேன் என்பது நிஜம். அந்தக் கேள்வியை நான் பயப்படும் ஒன்றாக ஆக்கியவர்கள் யார் என்பதும் நிஜம். கிருமிக்குச் சாதி இல்லை என்பார்கள். சரி. தொட்டிக்குள் யார் கை போவது என்பதில் இருக்கிறதே!

இனி யார் கேட்டாலும் வேலையை முழுசாகச் சொல்வேன். சொல்லும்போது கேட்டவர் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்வேன்.