கண்டருளலும் சுவைத்தலும்: படையல் உணவின் தோற்றம் குறித்து

உணவின் தோற்றம் அதன் சுவைக்கு ஈடான மதிப்புடையதா என்னும் வினா சமையற்கலை சார்ந்ததாகத் தோன்றினும் அடிப்படையில் அறவியல் சார்ந்ததே. தனக்கெனச் சமைத்துத் தானே உண்பவனிடம் இவ்வினா பெரிதாக எழுவதில்லை. பிறர்க்கு அளிக்கும்போதுதான் அது கூர்மை பெறுகிறது. எனவே, அளித்தலின் உயர்நிலையாகக் கருதப்படும் இறைப்படையலை முன்வைத்து இதனை ஆராய்தல் பொருந்தும்.

வைணவ வழக்கில் இறைவனுக்கு உணவு படைத்தலைக் 'கண்டருளப் பண்ணுதல்' என்பர். உண்ணச் செய்தல் என்னாது காணச் செய்தல் என்றது நோக்கத்தக்கது. 'அமுது செய்தருளல்' என்னும் வழக்கும் உடன் உள்ளமையால், காண்டல் உண்டலை விலக்க வந்ததன்று. இரண்டும் ஒரே செயலின் இரு பெயர்களாக நிற்கின்றன. உணவைக் காண்பதும் அதனை ஏற்பதன் ஒரு கூறே என்னும் கருத்து இச்சொல்லாட்சியில் பொதிந்துள்ளது எனலாம்.

இக்கருத்து வடிவம் பெறும் இடம் திருப்பாவாடைச் சேவை. திருமலையிலும், பாஞ்சராத்திர முறையில் வழிபாடு நிகழும் திருச்சானூர்ப் பத்மாவதித் தாயார் கோயிலிலும் வியாழக்கிழமைகளில் இது நடைபெறுகிறது. பாவாடை என்பது சோறு குவிப்பதற்காகத் தெய்வத்தின்முன் விரிக்கும் துணி. (அன்றாடத் தமிழில் பெண்டிர் உடையையே பெரிதும் குறிக்கும் இச்சொல், கோயில் வழக்கில் தன் பழம்பொருளை இழக்காமல் வாழ்கிறது!) திருமலையில் அன்று அணிகலன்கள் களையப்பெற்று, திருநாமம் குறுக்கப்பெற்று, பெருமாளின் கண்கள் புலப்படுகின்றன. எதிரே புளியோதரை குவிக்கப்படுகிறது. இறைவனின் பார்வை முதலில் அக்குவியல்மீது விழுகிறது என்பது அங்கு நிலவும் நம்பிக்கை. இங்கு உணவின் தோற்றம் அழகுக்காக அமைந்த ஒன்றன்று. பார்வைக்கு உரிய பொருளாகவே உணவு நிற்கிறது.

மடைப்பள்ளி மரபு இதனை மேலும் தெளிவாக்கும். படைப்பதற்கு முன் உணவைச் சுவைத்தலும் முகர்தலும் கூடா. சமைப்பவர்க்கு நாவும் மூக்கும் விலக்கப்பட்ட நிலையில் எஞ்சுவன அளவும் கண்ணுமே. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகள் பல அரிசி, நெய், பயறு, உப்பு, மிளகு ஆகியவற்றை அளவு குறித்து விதித்திருப்பதற்கு அறக்கட்டளையின் கணக்கு ஒரு காரணம். நாவின் துணையின்றிச் சமைக்க வேண்டியவர்க்கு அவ்வளவுகள் பெருந்துணையாயிருந்திருக்கும். அரிசி மலர்வது, நெய் பிரிந்து மேலெழுவது, பாகு கம்பியாக நீள்வது ஆகியவை கண்ணறியும் செய்திகள். அளிப்பவன் தன் முதற்சுவையைத் துறக்கிறான். அத்துறவு தோற்றத்தின்மீது முழுப் பொறுப்பையும் ஏற்றிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான படையலொன்று திருச்சானூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருக்காளத்தியில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. திண்ணனார் இறைச்சியைக் கோலில் கோத்துத் தீயில் காய்ச்சி, வாயில் அதுக்கிப் பார்த்து, இனியவற்றை மட்டும் தெரிந்தெடுத்துப் படைத்தார். சுவையைப் பொறுத்தவரை ஐயத்திற்கு இடமில்லாத படையல் அது. தோற்றமோ, வெந்த இறைச்சியும் எலும்பும் சிதறிக் கிடந்த ஒன்று. அதனைக் கண்ட சிவகோசரியார் நடுங்கினார்.

திருச்சானூரின் சமையற்காரர் சுவைக்காமையும் திண்ணனார் சுவைத்தமையும் முரண்பட்டவை போல் தோன்றினும் ஒரே நோக்கில் பிறந்தவை. முன்னவர் ஏற்பவர்க்குரிய முதற்பங்கைத் தீண்டவில்லை. பின்னவர் தாழ்ந்த பங்கு ஏற்பவரைச் சேர்ந்துவிடக் கூடாதெனக் கருதினார். இருவரிடத்தும் தன் நாவின் இன்பம் பொருட்டாகவில்லை. ஆகவே தோற்றத்தையும் சுவையையும் தனித்தனியே துலாக்கோலில் இடுவது முறையன்று. அளிப்பவரின் அக்கறையை எது தாங்கி நிற்கிறதோ அதற்கே அவ்விடத்தில் மதிப்பு மிகும்.

இம்முடிபுக்கு ஒரு தடை எழும். அக்கறையைக் காட்டும் தோற்றமே அக்கறையின்மையை மறைக்கவும் வல்லதன்றோ? 2024 செப்டம்பரில் திருமலை இலட்டுக்குரிய நெய்யின் தூய்மை குறித்துப் பேரையம் எழுந்தது. ஆய்வுக்கூட அறிக்கையே அதற்கு அடிப்படையாக அமைந்தது. அக்டோபரில் உச்சநீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழுவொன்றை அமைக்க ஆணையிட்டது. அடியவர் துயரத்திற்குக் காரணம் இலட்டின் நிறமோ இனிப்போ குறைந்தமையன்று. கண்ணாலும் நாவாலும் அறிய இயலாத ஒன்றைக் குறித்தே அவர்கள் கலங்கினர். தடை வலுவானதே. ஆயினும் அது தோற்றத்தின் மதிப்பை மட்டும் குறைப்பதன்று. சுவையும் அதே அளவில் ஏமாற்றக்கூடியது என்பதையும் உடன் காட்டுகிறது.

சிவகோசரியாரின் இடர்ப்பாடும் இவ்வகையினதே. நாள்தோறும் அவர் கண்டது படையலை மட்டும். படைத்தவரை அவர் கண்டதில்லை. உணவின் தோற்றத்திலிருந்து அளித்தவரின் உள்ளத்தை உய்த்துணர்ந்தார், அவ்வுணர்வு பிழைத்தது. இறைவன் கனவில் தோன்றித் திண்ணனாரின் அன்பை விளக்கிய பின்னும், அதனை நேரே காணுமாறு பணித்தது கருதத்தக்கது. ஆறாம் நாள் அவர் மறைவில் நின்றார். திண்ணனார் இறைச்சியுடன் வருவதையும், குருதி வடியும் காளத்தியப்பரின் கண்ணைக் கண்டு அது கைநழுவி விழுவதையும் அங்கிருந்தே கண்டார்.