பச்சோந்தியும் இல்லறத்தார் கடமையும்

உயிர்களை அன்புடன் வளர்ப்பது அறமென்றே நம்மில் பலரும் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் எல்லா உயிர்க்கும் பொருந்துமா என்னும் வினாவைச் சென்ற ஆண்டு எங்கள் இல்லத்திற்கு வந்த ஒரு பச்சோந்தி எழுப்பியது.

சிதம்பரத்தை அடுத்த உறவினர் தோட்டத்து வேலியில் கண்ட அதனை, என் பெயரன் அட்டைப் பெட்டியிலிட்டுக் கடலூருக்குக் கொண்டுவந்துவிட்டான். கீரையும் வாழைப்பழமும் வைத்தோம். அது திரும்பியும் பார்க்கவில்லை. கிண்ணத்து நீரையும் தொடவில்லை. இலைமேல் தங்கும் துளிகளையே அது பருகும் என்பதையும், வெயில் படாவிடில் அதன் எலும்பு நலியும் என்பதையும் பின்னரே அறிந்தோம். செடிமேல் நீர் தெளித்தபோது பருகியது. உணவோ வெட்டுக்கிளி, ஈ, வண்டு முதலிய உயிருள்ள பூச்சிகளே. அசையாத பொருளை அது பெரும்பாலும் இரையாகவே கருதுவதில்லை. (தீண்டினால் நஞ்சேறும் என்று நம் ஊர்களில் அஞ்சுவது வீண், அதற்கு நஞ்சில்லை.)

மூன்றாம் நாள் பெயரன் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துவந்து, "தாத்தா, போடலாமா?" என்று கேட்டான். விடை கூற இயலாது நின்றேன். வெட்டுக்கிளி நாலறிவு உயிர். பச்சோந்தி ஐயறிவு உயிர். அறிவு மிகுந்ததைக் காக்கக் குறைந்ததைக் கொடுக்கலாம் என்பாரும் உளர். உயிர்களை அவ்வாறு தராசிலிட்டு நிறுக்க என் மனம் ஒப்பவில்லை.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் அகிம்சை அணுவிரதத்திற்குரிய குற்றங்கள் 5 என்கிறார்: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவற்றுள் முதலாவதையும் இறுதியானதையும் நாங்கள் ஒருங்கே செய்துகொண்டிருந்தோம். இரையிட்டால் பிறிதோர் உயிரைக் கொல்விக்கின்றோம்; இடாவிடில் இதனைப் பட்டினியிடுகின்றோம். இரண்டிற்கும் வேர் அந்தப் பெட்டியே.

"தோட்டத்தில் விட்டாலும் அது பூச்சியைத் தின்னத்தானே செய்யும்? நம் கண்ணில் படாததால் பாவம் நீங்குமா, மாமா?" என்று மருமகள் வினவினாள். நியாயமான வினா. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை நம்மை வந்தடையும். தோட்டத்தில் அது தன் இயல்பால் உண்கிறது. அங்கே வெட்டுக்கிளிக்கும் பறந்து தப்ப வழியுண்டு. பெட்டிக்குள் அவ்வழியை அடைத்தவர் நாமே.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பதைத் தடுக்கிறது. சட்டத்தை மட்டும் காட்டியிருந்தால் பெயரன் அழுதுகொண்டேதான் இசைந்திருப்பான்.

மறுநாளே சிதம்பரம் சென்றோம். எடுத்த வேலியிலேயே அதனை விட்டான். அது கிளையைப் பற்றி, முன்னும் பின்னும் அசைந்தசைந்து ஏறி, இலைகளுக்குள் மறைந்தது. வெட்டுக்கிளியை முதல்நாளே எங்கள் கொல்லையில் விட்டிருந்தான்.