உள்ளே கட்டும் கோயில்



இதை வாசிக்கும்போதே உங்களுக்குள் ஒரு குரல் கேட்கிறது, இல்லையா? "ஐயா ஆரம்பிச்சிட்டாரு" என்றுகூட அது சொல்லியிருக்கலாம்! எல்.ஆர்.டி.யில் நிற்கும்போதும், சிவப்பு விளக்கில் மோட்டாரோடு காத்திருக்கும்போதும் அந்தக் குரல் ஓய்வதில்லை.

சமய வகுப்பில் நான் பிள்ளைகளிடம் கேட்பதுண்டு: "எஸ்.பி.எம். ரிசல்ட் சரியா வரலைன்னா மனசு என்ன சொல்லும்?" பலரும் சொல்லும் பதில்: "நீ வேஸ்ட், உன்னால ஒன்னும் முடியாது." பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இப்படிப் பேசுவோமா? மாட்டோம். நம்மிடம் மட்டும் தாராளமாகப் பேசுகிறோம். யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்!

கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார். பெரியபுராணத்தில் வரும் பூசலார் நாயனார் திருநின்றவூரைச் சேர்ந்தவர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. மனத்துக்குள்ளேயே பொருள் சேர்த்தார், தச்சரை அழைத்தார், கல் கல்லாக எழுப்பினார். கிணறு, மதில், குளம் எல்லாம் அமைத்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. முதல் நாள் இரவு சிவபெருமான் மன்னன் கனவில் தோன்றி, "நாளை பூசலார் கோயிலுக்குப் போகிறோம், உன் விழாவைத் தள்ளி வை" என்றார். மன்னன் திருநின்றவூருக்கு வந்து தேடினால், அங்கே கோயிலே இல்லை!

வாய் திறந்து சொல்லாததைச் சிவன் கேட்டார், அங்கேயே குடியேறினார். அப்படியென்றால் நாம் உள்ளுக்குள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஒரு கல்தான். "வேஸ்ட்", "முடியாது" என்று அடுக்கினால் என்ன எழும்பும்? சாமி இருக்கிற இடத்தில் நின்றுகொண்டே சாமியின் பிள்ளையைத் திட்டுகிறோம்.

மனசை அதட்டி அடக்க முடியாது; அதுக்கு வேற வேலை கொடுக்கணும். வாய்விட்டுச் சொல்லும் ஜபம் வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துக்குள் சொல்வது மானசம். மூன்றில் உயர்ந்தது மானசம் என்பார்கள் பெரியவர்கள். அடுத்த ஸ்டேஷன் வரும்வரை உள்ளுக்குள் 'நமசிவாய' சொல்லிப் பாருங்கள். பிறகு, "இன்னிக்கு இந்த ஒரு பாடத்தை முடிச்சிடுவோம்" என்று மனசிடம் அன்பாகச் சொல்லுங்கள்.

உள்ளே இருக்கும் பாரம் தாங்க முடியாமல் போனால், அம்மாவிடமோ அக்காவிடமோ ஆசிரியரிடமோ வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அதில் வெட்கமே இல்லை.

இன்று இரவு படுக்கும் முன் ஒரு நல்ல கல்லை எடுத்து வையுங்கள். கோயில் தானாக எழும்பும்.

சிவசிவ.